தராசுத் தட்டுக்கு முன்னால் கேட்ட கேள்விகள்: சிறு விவசாயியும் பெரிய கம்பெனிகளும்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கிருஷ்ணகிரிப் பக்கம் ராயக்கோட்டையிலிருந்து ஒரு டெம்போ வரும். என் சித்தப்பாவும் அவர் ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் விளைவித்த காய்கறி. எடை போட்டுக் கொடுப்பது என் வேலை. வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். வேலூர், தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கம் இன்னும் ஒரு துண்டு நிலமாவது வைத்திருப்பவர்கள். காய் தட்டில் இருக்கும்போதே கேள்வி வந்துவிடும். நாலு வருஷமாக அதே கேள்விகள். அந்த நெரிசலில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

1. "கார்ப்பரேட், கார்ப்பரேட்னு சொல்றீங்களே, யாருங்க அது? பேரச் சொல்லுங்க."

சொல்கிறேன். உலகச் சந்தையில் கோதுமை, மக்காச்சோளம், சோயா வாங்கி விற்பதில் நீண்ட காலமாக நாலு பெயர்கள் முன்னால் நிற்கின்றன: ஏடிஎம், பங்கே, கார்கில், லூயி டிரைஃபஸ். பங்கே 1818-இல் தொடங்கியது, கார்கில் 1865-இல். இப்போது சீனாவின் காஃப்கோவும் இவர்களோடு சேர்ந்திருக்கிறது. விதை, பூச்சிமருந்துப் பக்கம் போனால் பேயர், கார்ட்டேவா, சின்ஜென்டா, பிஏஎஸ்எஃப். முன்பு இன்னும் அதிகம் பேர் இருந்தார்கள். 2017-இல் சீன அரசின் கெம்சைனா சின்ஜென்டாவை வாங்கியது. அதே வருஷம் டௌவும் டூபான்ட்டும் ஒன்றாகி, பிறகு அதிலிருந்து கார்ட்டேவா வந்தது. 2018-இல் பேயர் சுமார் 6,300 கோடி டாலர் கொடுத்து மான்சான்டோவை வாங்கியது. உலகில் காசுக்கு விற்கப்படும் விதையில் சுமார் பாதி இந்த நாலு பேர் கையில்.

உடுக்கையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முகம் விரிந்திருக்கும், மறு முகமும் விரிந்திருக்கும், இடுப்பு மட்டும் ஒடுங்கியிருக்கும். ஒரு பக்கம் கோடிக்கணக்கான விவசாயிகள், இன்னொரு பக்கம் சாப்பிடுகிற நாம். இடுப்பில் சில கம்பெனிகள். உடுக்கை அடிக்கிறவர் இடுப்புக் கயிற்றை அழுத்தித்தான் சத்தத்தை ஏற்றி இறக்குவார். விலையும் அப்படித்தான் ஏறி இறங்குகிறது. கீழே இன்னொரு பதிலில் இந்த உடுக்கை திரும்ப வரும்.

2. "சிறு விவசாயின்னா எவ்வளவு நிலம் இருக்கணும்?"

அரசுக் கணக்கில் 2 ஹெக்டேருக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கர். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி இந்தியாவின் நிலவுடைமைகளில் 100-க்கு 86 இந்த அளவுக்குள் வருகின்றன. சித்தப்பாவுக்கு மூன்றரை ஏக்கர், ஒரு கிணறு, ரெண்டு போர். அதில் ஒன்று வற்றிவிட்டது.

3. "தக்காளி நூறு ரூபாய்க்கு விக்கும்போது உங்க சித்தப்பாவுக்கு நல்ல காசுதானே?"

இந்தக் கேள்வி 2023 ஜூலையில் வாராவாரம் வந்தது. அந்த மாதம் பெங்களூரில் கிலோ நூறைத் தாண்டியது உண்மை. ஆனால் அந்தக் கோடையிலேயே, அதற்குச் சில வாரங்கள் முன்புதான், பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று சித்தப்பா பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டார். பிறகு மறுநடவுக்குக் காசில்லை. விலை ஏறியபோது அவர் தோட்டத்தில் தக்காளி இல்லை. பலருக்கும் அதே கதைதான். எல்லாரிடமும் காய் இருந்திருந்தால் விலை ஏறியே இருக்காது.

சாதாரண நாளில் என்ன கிடைக்கிறது? 2024 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கியின் ஆய்வுத்தாள் ஒன்று கணக்குப் போட்டிருக்கிறது. நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது தக்காளியில் 33 காசு, வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு. மிச்சம் மண்டி, லாரி, அழுகல், கடை வாடகை, லாபம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தக்காளியின் விற்பனைப் பக்கம் பன்னாட்டுக் கம்பெனிகளின் வேலை குறைவு. அது பெரும்பாலும் நம் மண்டி விவகாரம். ஆனால் அந்த 33 காசிலிருந்து விதைக்கும் மருந்துக்கும் கொடுக்க வேண்டுமே, அந்தக் காசு போவது முதல் கேள்வியில் சொன்ன பெயர்களிடமும் அவர்களைப் போன்றவர்களிடமும்தான்.

4. "அப்போ இடைத்தரகர்தான் வில்லன். கம்பெனிக்காரங்க நேரா தோட்டத்துல வாங்கினா நல்லதுதானே?"

நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். மண்டிக்காரர் கமிஷன் எடுப்பார், கழிவு என்று நாலு கிலோ தள்ளுவார், உண்மை. ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டால் பள்ளிக் கட்டணத்துக்குக் காசு தருகிறவரும் அவர்தான். கொண்டுபோன சரக்கை, நல்லதோ சொத்தையோ, முழுக்க எடுத்துக்கொள்கிறவரும் அவர்தான்.

சூப்பர் மார்க்கெட்டின் கொள்முதல் மையம் வேறு மாதிரி. எடை சரியாக இருக்கும், பணம் வங்கிக்கு வரும், மண்டியைவிட ஒன்றிரண்டு ரூபாய் கூடவும் கிடைக்கும். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் முதல் தரம் மட்டும் எடுப்பார்கள். அதிலும் முந்தைய சாயங்காலம் கேட்ட அளவுதான். பாக்கியை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனால், "பொறுக்கின பாக்கிதானே இது" என்று அங்கே விலையைக் குறைக்கிறார்கள். நல்ல காய்க்குக் கிடைத்த கூடுதல் காசு அங்கே கரைந்துவிடும். விளைச்சலின் ஆபத்து முழுக்க விவசாயியிடமே நிற்கிறது.

2020-இல் வந்த மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து டில்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். மண்டி போய்விட்டால் கம்பெனியிடம் பேரம் பேச வேறு கதவு இருக்காது என்பது அவர்களுடைய பெரிய பயங்களில் ஒன்று. 2021 நவம்பரில் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது.

5. "முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போட்டுக்கிட்டா? அதுல ஆபத்தே இல்லையே?"

இதற்குச் சித்தப்பாவின் கெர்கின் கதையைத்தான் சொல்ல வேண்டும். கெர்கின் என்பது ஊறுகாய்க்குப் போகும் குட்டி வெள்ளரி. கர்நாடகாவிலும் தமிழ்நாட்டிலும் ஒப்பந்தத்தில் விளைந்து, உப்புநீரிலோ வினிகரிலோ ஊறி, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய், பர்கருக்குள் துண்டாக உட்காருகிறது. இங்கே அதைச் சாப்பிட ஆளில்லை.

கம்பெனி விதை, உரம், மருந்து எல்லாம் கடனாகத் தந்தது. தரம் எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? ஒரு கிலோவுக்கு எத்தனை காய் நிற்கிறது என்று. எண்ணிக்கை கூடக் கூட விலை கூடும், அதாவது சுண்டுவிரல் பருமன் காய்க்குத்தான் நல்ல விலை. கெர்கின் ஒரே ராத்திரியில் பெருத்துவிடும். ஒரு நாள் பறிக்கத் தவறினால் முதல் தரம் மூன்றாம் தரமாகிவிடும். அதனால் விடியற்காலையில் சித்தியும் ரெண்டு பெண்களும் குனிந்தபடியே வரிசை வரிசையாகப் போவார்கள். முள்முள்ளான கொடி, கையெல்லாம் அரிக்கும். ஒரு மழை வாரம் கொள்முதல் வண்டி ரெண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, பெருத்தது என்றும் வளைந்தது என்றும் மூட்டை மூட்டையாக ஒதுக்கினார்கள். ஒதுக்கியதை எங்கே விற்பது? ராயக்கோட்டையில் யாரும் வாங்க மாட்டார்கள். மாட்டுக்குப் போட்டார், ஒரு அளவுக்கு மேல் மாடும் தின்னவில்லை. கணக்கு முடித்தபோது விதை, மருந்துக் கடன் போக மிஞ்சியது கூலிக்குக் கட்டவில்லை.

ஒப்பந்தத்தில் விலை எழுதியிருந்தது. எதை முதல் தரம் என்பது, வண்டி என்றைக்கு வரும் என்பது ரெண்டும் கம்பெனியின் முடிவாக இருந்தன. அடுத்த ஊரில் வேறொரு கம்பெனியோடு நாலைந்து வருஷமாக நல்லபடி செய்கிறவர்களும் உண்டு. அங்கே முப்பது குடும்பம் சேர்ந்து ஒன்றாகப் பேசினார்கள், வண்டி வராத நாளுக்கும் காசு என்று எழுதி வாங்கினார்கள். ஒற்றை ஆளாகக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

6. "போன வருஷம் மாங்காயை ரோட்டுல கொட்டினாங்களே, அது ஏன்?"

2025 ஜூனைக் கேட்கிறீர்கள். கிளிமூக்கு மாங்காயைத்தான் கொட்டினார்கள். வியாபாரத்தில் அதன் பெயர் பெங்களூரா, இந்த ஊரின் பெயர். கிருஷ்ணகிரி, சித்தூர், கோலார் மூன்றும் விளைவிப்பவை, அதில் பெரும்பங்கு கூழ் ஆலைகளுக்குப் போகிறது. அங்கிருந்து குளிர்பானக் கம்பெனிகளுக்கும் வெளிநாட்டுக்கும். பழைய கூழே தேங்கிக் கிடக்கிறது என்று ஆலைகள் சொன்னதும் விலை விழுந்தது. தன் விவசாயிகளைக் காப்பாற்ற ஆந்திரா வெளிமாநிலக் காயைச் சித்தூருக்குள் விடவில்லை. கர்நாடக முதல்வர் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

கெர்கின் கதைதான் இது, அளவு மட்டும் பெரிது. ஒரே கதவை நம்பிய பயிர். மாமரத்தைத் தக்காளிச் செடி மாதிரி அடுத்த பருவத்தில் மாற்றவும் முடியாது.

7. "நான் குடிக்கிற ஃபில்டர் காபிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

நிறைய. இந்தியக் காபியில் சுமார் 70 சதவீதம் கர்நாடகாவில்: குடகு, சிக்மகளூர், ஹாசன். தோட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் சிறியவர்கள். ஆனால் அராபிகா விலை நியூயார்க்கிலும் ரோபஸ்டா விலை லண்டனிலும் பேசப்படுகிறது. 1962 முதல் சர்வதேசக் காபி ஒப்பந்தம் ஒன்று இருந்தது. நாடுகளுக்கு ஏற்றுமதி அளவு வைத்து விலை சரியாமல் பார்த்துக்கொண்டது. 1989-இல் அந்த அளவுமுறை உடைந்தது, விலை சரிந்தது. அதன்பின் விலை விழுந்த வருஷங்களில் எத்தியோப்பியா முதல் குடகு வரை அடி.

பிறகு நிலைமை தலைகீழானது. 2025 பிப்ரவரியில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் வறட்சி வந்ததால் நம் காபிக்காரர்களுக்கு நல்ல காசு. சந்தோஷம்தான். ஆனால் உலகின் மறுகோடியில் பெய்யும் மழையைப் பார்த்து ஒரு குடும்பம் கடன் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது எனக்கு நிம்மதியாகத் தெரியவில்லை.

8. "விதையைக் கடைல வாங்கினா என்ன தப்பு? நல்லா விளையுதே?"

தப்பே இல்லை. சித்தப்பா குழித்தட்டு நாற்றுதான் வாங்குகிறார், எல்லாம் வீரிய ஒட்டு ரகம். காய் கெட்டி, லாரியில் நசுங்காது. ஆனால் அதன் விதையை எடுத்து விதைத்தால் அடுத்த முறை அதே மாதிரி வராது. ஒவ்வொரு பருவமும் வாங்கியாக வேண்டும். விலையை விற்கிறவர் சொல்வார். காய்ப்புழுவைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பிடி பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது; அது இன்று இந்தியப் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல். முதலில் பலன் இருந்தது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிவிட்டது. விதை விலை எட்டாமல் போய், 2015-இல் மத்திய அரசே விலை வரம்பு வைக்க வேண்டி வந்தது.

9. "விதையைச் சேர்த்து வெச்சா கேஸ் போடுவாங்களாமே, நிஜமா?"

இந்தியச் சட்டம் விவசாயி பக்கம் இருக்கிறது. 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட ரகமே ஆனாலும் விதையைச் சேர்க்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்கிறது. கம்பெனி முத்திரை போட்ட பையில் மட்டும் விற்கக் கூடாது. பல நாடுகளில் இவ்வளவு உரிமை கிடையாது. புதிய பயிர் ரகங்களை உருவாக்கியவர்களின் உரிமையைக் காக்கும் யுபிஓவி என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் 1991 வடிவத்தில் சேர்ந்த நாடுகளில் சேர்த்த விதையை விற்பது மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதே சிக்கல்.

அப்படியும் வழக்கு வந்தது. 2019-இல் குஜராத்தில் சிப்ஸுக்கான எஃப்சி5 உருளைக்கிழங்கைப் பயிரிட்டதற்காக நாலு விவசாயிகள் மீது தலா ₹1.05 கோடி கேட்டு பெப்சிகோ வழக்குப் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதம் வாபஸ் வாங்கியது. 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவையே பயிர் ரக ஆணையம் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டில்லி உயர் நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. பதிவு கம்பெனிக்குத் திரும்பினாலும் 39-ஆம் பிரிவு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒரு கோடி ரூபாய் நோட்டீஸ் வீட்டுக்கு வந்த நாளில் நாலு ஏக்கர்காரருக்குச் சட்டப் பிரிவின் எண்ணா நினைவுக்கு வரும்?

10. "வெளிநாட்டுலேர்ந்து மலிவா வந்தா ஏழைங்களுக்கு நல்லதுதானே?"

கேள்விகளிலேயே கடினமானது இது. கேட்டவர் மர்பி டவுனில் வீட்டு வேலை பார்க்கும் ஒரு அக்கா. பாமாயில் விலை இருபது ரூபாய் ஏறினால் அவர் வீட்டு வாணலியில் தெரியும். அவருக்கு நான் வாதம் சொல்ல முடியாது.

ஆனால் அந்த மலிவு எத்தனை நாள் நிற்கும் என்று பார்க்க வேண்டும். ஹைட்டி 1995-இல் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்குக் குறைத்தது. அமெரிக்க அரிசி குவிந்தது, உள்ளூர் நெல் விவசாயிகள் நிலத்தை விட்டு நகரச் சேரிகளுக்குப் போனார்கள். 2008-இல் உலக அரிசி விலை எகிறியபோது வாங்கவும் முடியவில்லை, விளைவிக்கவும் ஆளில்லை, தெருவில் கலவரம். அது தப்பு, ஆர்கன்சாஸ் விவசாயிகள் சிலருக்குத்தான் உதவியிருக்கும் என்று பில் கிளிண்டனே 2010-இல் ஒப்புக்கொண்டார்.

நம் எண்ணெய்க் கதையும் அந்தச் சாயல்தான். 1990-களின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் இந்தியா ஏறக்குறையத் தன்னிறைவாக இருந்தது. இன்று பாதிக்கு மேல் இறக்குமதி. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் மானாவாரியில் கடலை போட்டவர்களில் பலர் விட்டுவிட்டார்கள். 2025 மே மாதம் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய் வகைகளுக்கான மொத்த இறக்குமதி வரி 27.5-இலிருந்து 16.5 சதவீதமாக இறங்கியது, ஆனியிலும் ஆடியிலும் கடலை விதைக்கிறவர்கள் நிலத்தைத் தயார் செய்யும் நேரம் பார்த்து. அந்த அக்காவுக்கு எண்ணெய் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்றால் ரேஷனில் உள்ளூர் எண்ணெய் கொடுக்கட்டும். அதற்கு அரசு காசு போடட்டும். அந்தச் சுமையைக் கடலைக்காரர் தலையில் வைக்கக் கூடாது.

11. "அமெரிக்காக்காரன் எப்படிங்க அவ்வளவு மலிவா விக்கிறான்?"

பெரிய பண்ணை, பெரிய இயந்திரம், அதோடு அரசு மானியம். 1995-இல் வந்த உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம் பணக்கார நாடுகளின் மானியத்தில் பெரும்பகுதியை அனுமதிக்கப்பட்ட வகைகளில் சேர்த்து வைத்துவிட்டது. பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி என்ற நாலு ஏழை ஆப்பிரிக்க நாடுகள் 2003-இல், அமெரிக்கா போன்ற நாடுகளின் பருத்தி மானியம் தங்களை நசுக்குகிறது என்று அங்கே முறையிட்டன. இருபது வருஷம் தாண்டியும் முழுத் தீர்வு இல்லை.

12. "இந்த ஊர்ல ஒரு காலத்துல கேஎஃப்சியை உடைச்சாங்கன்னு அப்பா சொல்வாரு. யார் அவங்க?"

கர்நாடக ராஜ்ய ரைத சங்கம், பேராசிரியர் எம்.டி. நஞ்சுண்டசாமியின் இயக்கம். 1992 டிசம்பரில் இங்கேயே கார்கில் விதை அலுவலகத்துக்குள் புகுந்து கோப்புகளை வெளியே எறிந்து கொளுத்தினார்கள். 1993 அக்டோபரில் கப்பன் பூங்காவில் லட்சக்கணக்கான விவசாயிகள் கூடினார்கள். 1996-இல் கேஎஃப்சி. உடைத்ததை நான் சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் விதைக் காப்புரிமை என்ற சொல்லே பலருக்குத் தெரியாத நாளில் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். 39-ஆம் பிரிவு பிறந்ததற்குப் பின்னால் அப்படிப்பட்ட குரல்களின் அழுத்தமும் இருக்கிறது.

13. "கம்பெனி இல்லாம உலகத்துக்கே சோறு போட முடியுமா? நடக்கிற கதையா?"

உலக உணவில் 70 சதவீதம் சிறு விவசாயிகளுடையது என்று மேடையில் சொல்வார்கள். நான் அந்த எண்ணைச் சொல்வதில்லை, அது தளர்வான கணக்கு. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பைச் சேர்ந்தவர்கள் 2021-இல் வெளியிட்ட கணக்கு எனக்குப் போதும்: 2 ஹெக்டேருக்குக் கீழான பண்ணைகளிடம் இருப்பது உலக விளைநிலத்தில் சுமார் 12 சதவீதம், அவை தருவது உணவில் சுமார் 35 சதவீதம். கொஞ்ச நிலத்தில் நிறைய எடுக்கிறார்கள்.

கப்பல், குளிர்பதனக் கிடங்கு, விதை ஆராய்ச்சி எல்லாம் வேண்டும்தான். நான் கேட்பது உடுக்கையின் இடுப்பை யார் பிடிப்பது என்று. அதற்கு வெகுதூரம் போக வேண்டாம், காலையில் வாங்குகிற நந்தினி பால் பாக்கெட்டைப் பாருங்கள். பதப்படுத்தும் ஆலை, லாரி, விளம்பரம் எல்லாம் பெரிய கம்பெனி மாதிரிதான், ஆனால் ஊர் ஊராகப் பால் ஊற்றுகிறவர்களின் கூட்டுறவு அது. மூணாம் கேள்வியில் தக்காளிக்காரருக்கு 33 காசு என்றேன். பாலில் ரூபாய்க்குப் பாதிக்கு மேல் மாட்டுக்காரருக்குப் போகிறது. 2019 நவம்பரில் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியதற்கு நியூசிலாந்துப் பால்பொடி பற்றிய இவர்களுடைய எதிர்ப்பும் ஒரு காரணம். ஒற்றைத் தக்காளிக்காரர் குரல் அவ்வளவு தூரம் போயிருக்காது.

14. "சரி, பெங்களூர்ல உட்கார்ந்திருக்கிற நாங்க என்ன செய்யறது?"

ஹாப்காம்ஸ் கடையில் வாங்குங்கள்; 1959-இலிருந்து நடக்கும் தோட்டக்காரர் கூட்டுறவு அது. ஓசூர்ப் பக்கம் போனால் உழவர் சந்தைக்குப் போங்கள். விலை இறங்கும் வாரத்தில் ரெண்டு கிலோ கூட வாங்கித் தக்காளித் தொக்கு போட்டு வையுங்கள். வளைந்த கத்தரிக்காயைத் தள்ளிவிட்டு நேரானதைப் பொறுக்காதீர்கள். நீங்கள் தள்ளுவதைப் பார்த்துத்தான் கொள்முதல் மையமும் தள்ளுகிறது. அப்புறம், ஊரில் உங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால், விலை விழுந்த வருஷத்தில் குத்தகையைக் குறையுங்கள். இது கம்பெனி கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது.

15. "இவ்வளவு கஷ்டம்னா விட்டுட்டு வேற வேலைக்குப் போகலாமே? ஏன் பிடிச்சுத் தொங்கணும்?"

போகிறார்கள். எங்கள் எதிர் அடுக்குமாடியின் இரவுக் காவலாளி ராய்ச்சூர்ப் பக்கத்துக்காரர், நாலு ஏக்கர் பருத்தி. எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் பேசிக்கொள்வோம். மாதச் சம்பளம் இங்கே, விதைப்பு அங்கே. ஜூன் மாதம் இருபது நாள் லீவு போட்டுப் போவார், தீபாவளி ஒட்டிப் பறிக்கப் போவார். காவல் சம்பளத்தில் ஒரு பங்கு பருத்தி மருந்துக்கே போகிறது. முழுசாக விட்டுவிடுங்கள் என்றால், இந்த வேலைக்கு ஓய்வூதியம் இல்லை, அறுபது வயதுக்கு மேல் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், நிலம் ஒன்றுதான் கடைசிவரை இருக்கும் என்கிறார்.

2025 ஆகஸ்டில் பருத்திக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை அரசு நிறுத்தி வைத்தது. முதலில் செப்டம்பர் முடிய, பிறகு டிசம்பர் முடிய. அந்தச் செய்தியைப் போனில் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார், "இது எங்களுக்கு நல்லதா, கெட்டதா?" அவர் செடியில் அப்போதுதான் காய் பிடித்துக்கொண்டிருந்தது. திருப்பூர் மில்களுக்கு நல்லது, உங்களுக்கு இல்லை என்றேன். அந்தத் தீபாவளிக்கும் லீவு சொல்லிவிட்டுப் பறிக்கக் கிளம்பினார்.